இரண்டாம் மாடியின் குள்ளப் பேய்

கண்ணாடியில் சோப்பு பட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை?

எதிர்வீட்டு நுரையக்கா இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டபோது நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்கு அறிவியல் நன்றாக வரும் என்று வீட்டில் உள்ளவர்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் "அது வந்துக்கா..." என்று கம்பீரமாக ஆரம்பித்து, அங்கேயே நின்றுவிட்டேன். அக்கா என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் எதற்காகக் கேட்டார் என்பதும், கேள்வியிலேயே ஒரு கோணல் இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தன. அதற்குள் அந்தக் கோணல் ஒரு விடுதியையே கலக்கிவிட்டிருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், லாரிகள் திரும்புகிற முனையில் அந்த விடுதி இருக்கிறது. மூன்று மாடி. படிக்கட்டில் எப்போதும் பினாயில் வாசம். இரண்டாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்வது நுரையக்காவின் வேலை. ஆள் உயரம் கம்மி, வாய் மட்டும் நீளம். "உயரத்துல மிச்சம் பிடிச்சதை எல்லாம் வாயில சேர்த்துட்டாங்க" என்பார் அவருடைய கணவர். அதையும் கைக்கெட்டாத தூரத்தில் நின்றுகொண்டுதான் சொல்வார்.

கல்யாணத்துக்கு முன்பு அக்கா ஒரு சோப்புத் தொழிற்சாலையில் கட்டிகளை உறையில் போடும் பிரிவில் இருந்தார். அங்கிருந்து வந்த பழக்கம், எதற்கெடுத்தாலும் சோப்பு. பையின் ஜிப் சிக்கிக்கொண்டால் காய்ந்த சோப்பால் ஒரு தேய்ப்பு. மேசை இழுப்பறை முரண்டு பிடித்தால் அடிவிளிம்பில் ஒரு தேய்ப்பு. விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை என்று யாராவது அழுதால், அக்கா நுரையோடு வந்து நிற்பார். உரசுகிற இரண்டு பொருள்களுக்கு நடுவே வழுக்கலான ஒரு படலம் நுழைந்தால் உராய்வு குறையும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அக்காவோ, "சோப்பால முடியாதது ஒண்ணே ஒண்ணுதான். சோம்பேறியைக் குளிக்க வைக்கிறது" என்பார்.

விடுதி மேனேஜர் நெட்டையான மனிதர். ஒவ்வொரு கதவிலும் தலையைக் குனிந்து நுழைந்து நுழைந்து கழுத்தே கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. வேலை செய்பவர்களுக்கு அவர் போட்ட சட்டம் இது: "தங்க வர்றவங்ககிட்ட வாயே திறக்கக் கூடாது. சிரிக்கணும். அதுவும் பல்லு தெரியாம."

நுரையக்காவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வெள்ளைத் துண்டை எடுத்து ஒருவர் ஷூவைப் பளபளப்பாக்குவார். இன்னொருவர் மென்று முடித்த சூயிங்கத்தை மேசைக்கு அடியில் அப்பி வைப்பார். வேறொருவர் ஷவரைத் திறந்துவிட்டு முழு சினிமாப் பாட்டுக் கச்சேரியே நடத்துவார். மொட்டை மாடித் தொட்டி காலியாகும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பல் தெரியாமல் சிரிக்க வேண்டும். சொல்ல வேண்டிய சொற்களை எல்லாம் விழுங்கி விழுங்கி அக்காவுக்கு வயிறு உப்பிப்போனது.

ஒருநாள் காலை, ஓர் அறையின் குளியலறையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் காலையில் திட்டியது நினைவுக்கு வந்தது. சோப்பு விரலாலேயே கண்ணாடியில் அவர் முகத்தை வரைந்தார். முன்னால் நீட்டிய கழுத்து, மேலே முறுக்கிவிட்ட மீசை. அந்த நேரம் பார்த்து வராந்தாவில் செருப்புச் சத்தம். அக்கா பதறிப்போய்க் காய்ந்த துணியால் படத்தைத் துடைத்தார். கோடு மறைந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு தரையைக் கழுவ வெந்நீரைத் திறந்தார் அக்கா. அறை முழுக்க ஆவி மண்டியது. எதேச்சையாகத் திரும்பினால், வெள்ளையாக மூடிக்கிடந்த கண்ணாடிக்குள்ளிருந்து மேனேஜர் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார்!

"ஐயோ சார், நான் இல்லை!" என்று அலறினார் அக்கா. அப்புறம் நிதானமாகப் பார்த்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாய் திறக்கக் கூடாது என்றுதானே சட்டம்? விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே!

முதல் செய்தி, கடைசி அறையில் ஷூ துடைத்த ஆசாமிக்கு. மறுநாள் அவர் குளித்துக்கொண்டே நிமிர்ந்தபோது கண்ணாடி சொன்னது: "துண்டு முகத்துக்கு. செருப்புக்கு இல்லை. பார்த்துவிட்டேன்." அவர் பாதி நுரையோடு படியிறங்கினார். சாவி வரவேற்பு மேசையில் விழுந்தது. ஆள் பேருந்து நிலையம் பக்கம் பறந்துவிட்டார்.

அடுத்தது, பக்கத்து அறைக் கச்சேரிக்காரருக்கு. பாட்டு உச்சத்தில் இருந்தபோது எதிரே ஒரே ஒரு சொல் மெதுவாகத் தெளிந்து வந்தது: "போதும்." அதற்குப் பிறகு அவர் பல் தேய்க்கும்போதுகூட முனகவில்லையாம்.

நுரையக்காவின் வயிற்று உப்புசம் போன இடம் தெரியவில்லை. நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவில்லை. குற்றவாளி போன பிறகும் எழுத்து போகவில்லை. காய்ந்த துணிக்கு அது அசையவே இல்லை. ஒரு பாவமும் செய்யாத காப்பீட்டு முகவர் ஒருவர் அந்தக் கடைசி அறைக்கு வந்தார். துண்டை ஒழுங்காக மடித்து வைக்கிற மனிதர். குளித்து முடித்தார். ஆவி பாதிக் கண்ணாடியில்தான் படர்ந்திருந்தது; "பார்த்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னது கண்ணாடி. யார், எதை, எப்போது பார்த்தார்கள் என்று தெரியாமல் அந்த மனிதர் தன் வாழ்நாள் தப்புகளை எல்லாம் வரவேற்பு மேசையில் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மேனேஜர் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கு மத்தியானமே விடுதியில் பேய் இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. அடுத்த சில நாள்களில் இன்னும் சிலர் கண்ணாடியைப் பார்த்து அலறவே, மேனேஜர் துப்பறியத் தொடங்கினார்.

மொட்டை மாடியில் கொதிகலனைக் கவனித்துக்கொள்பவர் வெந்நீர்க்காரர். ரோஷக்காரர். அவரிடம் போய் மேனேஜர் கேட்டார்: "முந்தாநாள் மட்டும் பேய் வரலையே, ஏன்?"

"முந்தாநாள் கொதிகலன் ரிப்பேர் சார். வெந்நீரே வரல."

"அப்ப பேய் உன் வெந்நீர்லதான் வருதா?"

"சார், என்னைச் சொல்லுங்க, பொறுத்துக்கறேன். என் வெந்நீரைச் சொல்லாதீங்க. அவ்வளவு சூட்டுல பேயென்ன, கிருமியே பிழைக்காது."

உண்மையில் மேனேஜர் விடையைத் தொட்டுவிட்டார். பிடிக்கத்தான் தெரியவில்லை. வெந்நீர் இல்லாவிட்டால் ஆவி இல்லை. ஆவி இல்லாவிட்டால் கண்ணாடி வெளுக்காது. கண்ணாடி வெளுக்காவிட்டால் எழுத்துத் தெரியாது.

விடையைப் பிடிப்பதற்குப் பதிலாக அவர் தொலைபேசியைப் பிடித்தார். விடுதியின் முதலாளியம்மா மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டார். அந்தக் கடைசி அறையிலேயே தங்கிக் குளிப்பாராம். ஏதாவது தெரிந்தால் இரண்டாம் மாடிக்கே பூட்டு. பூட்டிய மாடிக்குத் துப்புரவு ஆள் எதற்கு?

இதைக் கேட்டதும் நுரையக்கா பயந்துபோனார். தனக்காக மட்டும் அல்ல. அதே மாடியில் அவருடைய நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அக்காதான் மன்றாடிச் சேர்த்துவிட்டார். அதற்கு முன் நாத்தனார் "அண்ணன் வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கிறவள்" என்று உறவுக்காரர்கள் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தவர். வேலைக்கு வந்த பிறகுதான் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறார். இப்போது மறுபடியும் மூலையா?

அந்த நாத்தனாரோ மாப்புக் கட்டையைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "அண்ணி, அந்த ரூமுக்கு நீங்க முன்னாடி போங்க. எனக்கு வேலையும் வேணும், உசிரும் வேணும்."

அக்கா அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். கண்ணாடியின் பக்கத்தில் போய், வாயை அகலத் திறந்து "ஹா" என்று ஊதினார். மூச்சுப் பட்ட இடம் வெளுத்தது. வெளுத்த இடத்தின் நடுவே "பார்த்து" என்று எழுத்துகள் எழுந்தன.

நாத்தனார் எழுத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கட்டையைக் கீழே வைத்தார். "பேய் நீங்களா?"

"ஆமா. வீட்டுல இருக்கிற அதே பேய்தான். கத்தாதே."

"எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததும் நீங்கதான், அதுக்கு உலை வைக்கிறதும் நீங்கதானா? அண்ணன்கிட்ட சொல்றேன் இருங்க."

"அவருக்கு என்னை நல்லாத் தெரியும். சொன்னா ஆச்சரியமே படமாட்டாரு. இப்ப இதை அழிக்கிற வழியைப் பாரு."

காய்ந்த துணியால் தேய்த்தார்கள். எழுத்து போகவில்லை. ஈரத்துணியால் தேய்த்தார்கள். எழுத்து இழுபட்டுக் கோணலாயிற்றே தவிரப் போகவில்லை. அப்போதுதான் நுரையக்கா தன் பெயருக்கு ஏற்ற தப்பைச் செய்தார். அழுக்கு எதுவானாலும் சோப்பால் போகும் என்பது அவர் நம்பிக்கை. இதுவும் அழுக்குதானே? சோப்பை நன்றாகக் குழைத்து, கைக்கு எட்டிய உயரம்வரை கண்ணாடியில் பூசி வட்ட வட்டமாகத் தேய்த்தார். பிறகு காய்ந்த துணியால் பளிச்சென்று துடைத்தெடுத்தார்.

"தண்ணி விட்டு அலச வேணாமா அண்ணி?"

"அலசினா திட்டுத் திட்டா நிக்கும். பாரு, எப்படி மின்னுது!"

ஊதிப் பார்த்தார்கள். இங்கே "ஹா", அங்கே "ஹா". எழுத்து இல்லை. ஒன்றுமே இல்லை. "போயிடுச்சு!" என்று இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். ஊதினால் கண்ணாடி வெளுத்திருக்க வேண்டுமே, அதுவும் காணோமே என்று இருவருக்கும் தோன்றவில்லை. சோப்பைச் சோப்பால் கழுவியதில் எழுத்து அழியவில்லை. கை எட்டிய கண்ணாடி முழுக்க ஒரே எழுத்தாகிவிட்டது!

மறுநாள் காலை முதலாளியம்மா வந்தார். அதிகம் பேசாதவர், மேனேஜருக்கு நிகரான உயரம். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளை அளக்கிற பார்வை. நேராகக் கடைசி அறைக்குப் போனார். வெந்நீர் விழும் சத்தம் கேட்டது.

அறை வாசலில் மேனேஜர், அக்கா, நாத்தனார். தன் வெந்நீரின் மானத்தைக் காப்பாற்ற வெந்நீர்க்காரரும் கீழே இறங்கி வந்துவிட்டார்.

நீர்ச் சத்தம் நின்றது. பிறகு உடை மாற்றிக்கொண்டு, ஈரத்தலையில் துண்டோடு முதலாளியம்மா கதவைத் திறந்தார்.

"எல்லாரும் உள்ள வாங்க."

குளியலறையில் சுவர் ஓடுகள் வியர்த்து வழிந்தன. ஜன்னல் கண்ணாடி பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும் இப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோலத் துல்லியமாக இருந்தது. மேலே ஒரு பட்டை மட்டும் வெள்ளை. அந்த வெள்ளைக்கும் தெளிவுக்கும் நடுவே அலை அலையாக ஓர் எல்லைக்கோடு.

"அம்மா! பேய் துடைச்சிட்டுப் போயிருக்கு!" என்றார் மேனேஜர், வெந்நீர்க்காரரின் பின்னால் நின்றுகொண்டு. அவர் உயரத்துக்கு அங்கே ஒளிந்தும் பயனில்லை.

"தெளிவா இருக்கிற இடத்துல தண்ணியே ஒட்டலைம்மா. அவ்வளவுதான்" என்றார் வெந்நீர்க்காரர்.

"ஒட்டலையா? யாராவது தொட்டுச் சொல்லுங்க" என்றார் முதலாளியம்மா.

மேனேஜர் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நாத்தனார்தான் முன்னால் வந்து விரலை வைத்தார். "ஈரமாத்தாம்மா இருக்கு. இங்கயும் தண்ணி இருக்கு. கொஞ்சம் வழுவழுன்னு..." விரலை மூக்கருகே கொண்டுபோனார். "அட, சோப்பு வாச..."

அண்ணியின் குதிகால் நாத்தனாரின் பாதத்தில் இறங்கியது. ஆனால் சொல் வெளியே போய்விட்டிருந்தது.

முதலாளியம்மா அந்த எல்லைக்கோட்டையே பார்த்தார். "மேனேஜர், கையைத் தூக்குங்க."

அவர் தூக்கினார். கை விளக்கில் இடித்தது.

"நீங்க தூக்குங்கம்மா."

நுரையக்கா வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினார். குதிகாலையும் கொஞ்சம் எம்பினார். விரல் நுனி அந்த அலைக்கோட்டில் போய்ச் சரியாக நின்றது.

"பேய் குள்ளம்" என்றார் முதலாளியம்மா.

பல் தெரியாமல் சிரிக்கப் பார்த்தார் அக்கா, வரவில்லை. கையை இறக்கினார். "அம்மா, எழுதினது நான்தான். துடைக்கப் போய் இப்படி ஆனதும் என்னாலதான். என் நாத்தனாருக்கு இதுல பங்கில்ல. யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. மாடியைப் பூட்டாதீங்க, அவ வேலை போயிடும்."

"அண்ணி போனா நானும் போறேன்" என்றார் நாத்தனார், மிதிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டே.

"நீ சும்மா இரு. உன்னைக் காப்பாத்தத்தான் இவ்வளவும்."

"காப்பாத்துற லட்சணத்தைப் பாரு! கால் விரல் நசுங்கிடுச்சு."

முதலாளியம்மா இருவரையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன எழுதினீங்க?"

அக்கா ஒன்று விடாமல் சொன்னார். துண்டு, ஷூ, கச்சேரி, "போதும்". அந்த இடத்தில் முதலாளியம்மா சட்டென்று கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அதுதான் துல்லியமான கண்ணாடி ஆயிற்றே. அவர் சிரிப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"குளிச்ச உடனே என் முகம் எனக்குத் தெரிஞ்சது இன்னைக்குத்தான்" என்றார் அவர். "கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சே கை வலிக்கும். எல்லா ரூம்லயும் இப்படியே பண்ணிடுங்க, நீங்க ரெண்டு பேரும். மூணு மாடியும். ஆனா இனிமே எழுத்து கிடையாது. சொல்ல வேண்டியதை வாயால சொல்லுங்க, மரியாதையா. மேனேஜர், கேட்டுச்சா?"

மேனேஜருக்குக் கேட்டது. பிடிக்கத்தான் இல்லை.

இப்போது அந்தக் கோணல் கேள்விக்கு வருகிறேன். சோப்பு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டுவதில்லை என்று நுரையக்கா நினைத்தார், நானும் அப்படியே நம்பினேன். ஒட்டுகிறது! நாத்தனாரின் விரல் நனைந்ததே, அதுதான் சாட்சி. குளியலறையின் சூடான காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது. அது குளிர்ந்த கண்ணாடியில் படும்போது நீராகிறது. வெறும் கண்ணாடியில் அந்த நீர் மிகச் சிறிய மணிகளாகத் திரண்டு நிற்கிறது. நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வருகிற பரப்பு இழுவிசைதான் அதை உருட்டி வைக்கிறது. ஒவ்வொரு மணியும் ஒளியை ஒவ்வொரு பக்கம் திருப்பி விடுவதால் நம் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. சோப்பு அந்த இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. அதனால் நீர் மணியாகத் திரளாமல் மெல்லிய தகடுபோலப் பரவுகிறது. தகடு ஒளியைச் சிதறடிப்பதில்லை. அதனால் முகம் தெரிகிறது. இரண்டு இடத்திலும் தண்ணீர்தான். ஒன்று மணியாக நிற்கிறது, மற்றது பரவிப் படுத்திருக்கிறது. சோப்பை நிஜமாகவே போக்க வேண்டும் என்றால் நாத்தனார் கேட்டதுபோல நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசியிருக்க வேண்டும்.

கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முதலாளியம்மா கிளம்பிப் போன பிறகு நுரையக்கா அந்த அறையைச் சுத்தம் செய்யப் போனார். துண்டு அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தரையைக் கழுவ வெந்நீரைத் திறந்தார். ஆவி எழுந்தது. கண்ணாடியின் மேல்பட்டை, அவர் கைக்கு எட்டாத அந்தப் பகுதி, மெல்ல வெளுத்தது. வெளுத்ததற்கு நடுவே ஒவ்வோர் எழுத்தாகத் தெளிந்து வந்தது:

"கதவு மூலையில் ஒட்டடை. நானும் பார்த்துவிட்டேன்."

அக்கா எம்பிப் பார்த்தார், எட்டவில்லை. வாளியைக் கவிழ்த்து ஏறினார், அப்போதும் எட்டவில்லை. எழுதியவர் கிளம்பிவிட்டதால், எட்டக்கூடிய ஒரே ஆள் மேனேஜர்தான். அவரோ அந்தக் குளியலறை வாசலைத் தாண்டமாட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே அந்த எழுத்து அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழே, கண்ணாடியின் தெளிவான பகுதியில் தலைவாரிக்கொண்டு, வேலை முடிந்ததும் அண்ணியும் நாத்தனாரும் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறார்கள். ஒட்டடை மட்டும் அன்றைக்கே போய்விட்டது.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கதையை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். சோப்பு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது என்று அவர் சாதித்தால், விரலை வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், உங்கள் வீட்டில் அடுத்துக் குளிக்கப் போகிறவருக்காகக் கண்ணாடியில் எழுதி வையுங்கள். உங்கள் உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே எழுதினால் நல்லது.